மலையேற கேமரா எடுத்துட்டுப் போறீங்களா? 3 கிலோவா, முக்கால் கிலோவா... முடிவு செய்வது லென்ஸ்தான்!

கோவை வெள்ளியங்கிரி, ஏழாவது மலை. விடியற்காலை நேரம். கிழக்கே வானம் சிவக்கத் தொடங்குகிறது. ராத்திரி முழுக்க மூங்கில் தடியை ஊன்றி ஏறி வந்தவர்கள் போனை நீட்டி படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய கேமரா கொண்டு வந்தவரோ பாறையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். கேமரா இன்னும் பைக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்து, லென்ஸ் மாட்டி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் சூரியன் மேலே வந்துவிடுகிறது.

மலையேற்றம், பயணம் என்று கிளம்பும் பலருக்கும் நடக்கிற விஷயம்தான் இது. லட்சக்கணக்கில் செலவு செய்து வாங்கிய கேமரா, இரண்டாவது ட்ரிப்புக்கே பீரோவுக்குள் போய்விடுகிறது. காரணம் கேமராவின் தரம் இல்லை. அதன் எடை.

எடை என்பது வெறும் சௌகரியம் சம்பந்தப்பட்ட விஷயமும் இல்லை. வெள்ளியங்கிரியில் ஏறும்போது மூச்சுத் திணறி பக்தர்கள் உயிரிழந்த செய்திகள் வந்திருக்கின்றன. செங்குத்தான பாதையில் தண்ணீர், உணவு, போர்வையோடு சேர்த்து கூடுதலாக 3 கிலோ தூக்குவது உடம்புக்கு பெரிய சுமை. அப்படியானால் எதை எடுத்துப் போவது, எதை வீட்டில் வைப்பது? பார்க்கலாம்.

எடை எங்கே ஒளிஞ்சிருக்கு?

"டிஎஸ்எல்ஆரை விட்டுட்டு மிரர்லெஸ் வாங்கிட்டா வெயிட் குறைஞ்சிடும்" என்பதுதான் கடைகளில் அடிக்கடி கேட்கும் வார்த்தை. இது பாதிதான் உண்மை. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

கேனான் 5டி மார்க் 4, கல்யாண போட்டோகிராபர்கள் பலர் பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர். பேட்டரி, கார்டுடன் இதன் எடை 890 கிராம். இதற்கான 24-70 எம்.எம். எஃப்/2.8 லென்ஸ் 805 கிராம். 70-200 எம்.எம். எஃப்/2.8 லென்ஸ் 1,480 கிராம். மொத்தம் 3,175 கிராம்.

இப்போது மிரர்லெஸ். சோனி ஏ7சி 2 கேமரா வெறும் 514 கிராம். ஆனால் இதற்கும் அதே மாதிரி எஃப்/2.8 லென்ஸ்களை வாங்கினால்? சோனியின் 24-70 ஜிஎம் 2 லென்ஸ் 695 கிராம், 70-200 ஜிஎம் 2 லென்ஸ் 1,045 கிராம். மொத்தம் 2,254 கிராம். கேமராவின் எடை வெகுவாகக் குறைந்தும், பை இன்னும் இரண்டேகால் கிலோதான்.

அதாவது, எடையில் பெரும்பகுதி கேமராவில் இல்லை, லென்ஸில் இருக்கிறது. விளம்பரத்தில் கேமராவின் எடையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

லென்ஸ் ஏன் இவ்வளவு பெரிசா இருக்கு?

இதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது சென்சார். கேமராவுக்குள் ஒளியைப் பிடிக்கும் சில்லுதான் சென்சார். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் அளவு 36 x 24 மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5 x 15.6 மி.மீ. (கேனானில் இதைவிட கொஞ்சம் சின்னது). மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3 x 13 மி.மீ., அதாவது பரப்பளவில் ஃபுல் ஃபிரேமில் சுமார் கால்வாசி.

சென்சார் சின்னதானால், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்ட அவ்வளவு நீளமான லென்ஸ் தேவைப்படாது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் கேமராவில் 150 எம்.எம். லென்ஸ் மாட்டினால், ஃபுல் ஃபிரேமில் 300 எம்.எம். காட்டும் காட்சி கிடைக்கும். ஏபிஎஸ்-சியில் இந்த பெருக்கல் 1.5 மடங்கு, கேனானில் 1.6 மடங்கு.

இரண்டாவது, லென்ஸின் திறப்பு. எஃப்/2.8 என்றால் கண்ணாடியின் விட்டம் பெரிதாக இருக்க வேண்டும். கண்ணாடி பெரிதானால் எடையும் கூடும். எஃப்/4, எஃப்/5.6 என்று நம்பர் ஏற ஏற உள்ளே வரும் ஒளி குறையும், எடையும் குறையும். மலைக்காட்சிகளை பெரும்பாலும் எஃப்/8 போன்ற அளவில்தான் எடுப்பார்கள். அப்போதுதான் முன்னால் இருக்கும் பாறையும் பின்னால் இருக்கும் மலையும் தெளிவாக விழும். பகலில் இயற்கைக் காட்சி மட்டும் எடுப்பவர், தான் பயன்படுத்தாத எஃப்/2.8-ஐ முதுகில் சுமந்துகொண்டு போகிறார் என்றுதான் சொல்ல வேண்டும்.

100 வருஷத்துக்கு முன்னாடியே இதே பிரச்சனை!

சின்ன கேமரா பிறந்ததே மலை நடையால்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் ஆஸ்கர் பர்னாக். நடந்து போய் இயற்கைக் காட்சிகளைப் படம் எடுப்பதில் ஆர்வம் உள்ளவர். ஆனால் ஆஸ்துமா நோயாளி. அந்தக் காலத்து கண்ணாடித் தகடு கேமராக்களைத் தூக்கிக்கொண்டு ஏற அவரால் முடியவில்லை.

சினிமாவுக்குப் பயன்பட்ட 35 எம்.எம். ஃபிலிமை வைத்து, சட்டைப் பையில் போடும் அளவுக்கு ஒரு கேமராவை 1914 வாக்கில் அவர் உருவாக்கினார். 1925-ல் அது லைக்கா என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அவர் தேர்ந்தெடுத்த 24 x 36 மி.மீ. அளவுதான் இன்று நாம் ஃபுல் ஃபிரேம் என்று சொல்வது. ஒரு காலத்தில் "இவ்வளவு சின்னதில் என்ன படம் வரும்?" என்று கேட்கும்படி இருந்த அளவு, இன்று பெரிய சென்சார் ஆகிவிட்டது.

யாருக்கு எது செட் ஆகும்?

கீழே உள்ள எடைகள் நிறுவனங்கள் அறிவித்தவை. கேமரா எடையில் பேட்டரியும் கார்டும் அடக்கம்.

*முதல் கேமரா வாங்குறவங்களுக்கு:* கேனான் ஆர்50 (375 கிராம்), 18-45 எம்.எம். லென்ஸ் (130 கிராம்), 55-210 எம்.எம். லென்ஸ் (270 கிராம்). மொத்தம் 775 கிராம். மேலே சொன்ன 3 கிலோ செட்டில் கால்வாசிதான். தூரத்தை எட்டிப் பிடிப்பதிலோ இதுதான் முன்னால் நிற்கிறது: 210 எம்.எம். லென்ஸ் இதில் 336 எம்.எம். காட்சியைத் தரும். குறை என்ன? மழைக்கும் தூசிக்கும் பாதுகாப்பு இல்லாத கேமரா இது.

*மழை, பனியில் நடக்குறவங்களுக்கு:* ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 (414 கிராம்), 12-45 எம்.எம். எஃப்/4 (254 கிராம்), 40-150 எம்.எம். எஃப்/4-5.6 (190 கிராம்). மொத்தம் 858 கிராம். கேமராவும் 12-45 லென்ஸும் தூறலைத் தாங்கும். 40-150 லென்ஸுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கேமரா, லென்ஸ் இரண்டுமே சீல் செய்யப்பட்டதாக இருந்தால்தான் பலன் என்பதை மறக்க வேண்டாம். வாங்கும் முன் உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைக்குமா என்றும் விசாரித்துவிடுங்கள்.

*ஃபுல் ஃபிரேம்தான் வேணும்னு நினைக்குறவங்களுக்கு:* சோனி ஏ7சி 2 (514 கிராம்), 28-60 எம்.எம். (167 கிராம்), டாம்ரான் 70-300 எம்.எம். (545 கிராம்). மொத்தம் 1,226 கிராம். அதே கேமராதான். எஃப்/2.8 ஆசையை விட்டதால் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம்.

*லென்ஸ் மாற்றவே பிடிக்காதவங்களுக்கு:* ஆர்50 கேமராவுடன் 18-150 எம்.எம். (310 கிராம்) ஒன்றே போதும். மொத்தம் 685 கிராம். புழுதியில் லென்ஸைக் கழற்றி சென்சாரில் தூசி விழும் கவலையும் இல்லை.

போன் மட்டும் போதாதா?

விரிந்த மலைக்காட்சி, நண்பர்களின் குரூப் போட்டோ, சாப்பாடு... இதற்கெல்லாம் நல்ல போன் தாராளமாகப் போதும். போன் தடுமாறுவது தூரத்தில்தான். பாறை விளிம்பில் நிற்கும் வரையாடு, கிளையில் உட்கார்ந்த இருவாச்சி, ஓடும் விலங்கு என்றால் படம் கலங்கிவிடும்.

அதனால் ஒரு சுலபமான வழி இருக்கிறது. அகலக் காட்சிக்கு போன், தூரத்துக்கு கேமராவில் ஒரே ஒரு டெலி லென்ஸ். ஆர்50-யும் 55-210 லென்ஸும் மட்டும் என்றால் 645 கிராம்தான். சின்ன லென்ஸ் செய்யும் வேலையை ஏற்கெனவே பாக்கெட்டில் இருக்கும் போன் செய்துவிடும்.

எடை குறைச்சா எதை இழக்குறோம்?

இதை மறைத்துப் பேசக் கூடாது. 200 எம்.எம். எஃப்/2.8 லென்ஸ், எஃப்/7.1 வரை மட்டுமே திறக்கும் சின்ன லென்ஸை விட 6 மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். விடியும் முன், அடர்ந்த சோலைக்காட்டின் நிழலில், சாயங்காலம் யானை வெளியே வரும் நேரத்தில் இந்த வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரியும். ஐஎஸ்ஓ-வை ஏற்ற வேண்டி வரும், படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். பின்னணியை அழகாக மங்கலாக்குவதும் குறையும்.

வனவிலங்கு படங்களே தொழில் என்பவர்களுக்கும், பெரிய அளவில் பிரிண்ட் போடுபவர்களுக்கும் பெரிய லென்ஸ் அவசியம். அவர்களில் பலர் ஜீப்பில் போகிறார்கள். நடந்து ஏறுபவரின் கணக்கு வேறு.

எடை குறைந்தால் கிடைப்பது என்ன என்பதற்கும் உதாரணம் உண்டு. 1981-ல் திபெத்தின் லாசாவில், மலையேற்ற வீரரும் போட்டோகிராபருமான கேலன் ரோவெல் ஒரு வானவில்லைப் பார்த்தார். அது பொட்டாலா அரண்மனை மீது இறங்குவது போல் தெரியும் கோணம் கிடைக்க, சுமார் 12,000 அடி உயரத்தில் ஓடினார். அவருடைய புகழ்பெற்ற படங்களில் ஒன்று அப்படித்தான் கிடைத்தது. மூன்று கிலோ பையோடு அந்த உயரத்தில் ஓடுவது சாதாரண விஷயமில்லை.

ட்ரைபாட், பேட்டரி, பை: கவனிக்காத கிராம்கள்

ட்ரைபாட்: பயணத்துக்கென்றே வரும் கார்பன் ஃபைபர் ட்ரைபாட்களில் கூட பல ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். நட்சத்திரம், அருவியின் பட்டு போன்ற நீரோட்டம் எடுக்கத் திட்டம் இல்லையென்றால் தேவையில்லை. துண்டை மடித்து பாறை மேல் வைத்து, அதில் கேமராவை வைத்து 2 விநாடி டைமர் போட்டாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும்.

பேட்டரி: மிரர்லெஸ் கேமரா பேட்டரியை வேகமாகத் தின்னும். குளிரில் இன்னும் வேகம். கூடுதலாக ஒரு பேட்டரி கட்டாயம். அதை சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போகும்போது கூடுதல் பேட்டரியையும் பவர் பேங்கையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை. உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு பொதுவாக 7 கிலோதான் என்பதால், அங்கேயும் லேசான செட் கைகொடுக்கும்.

பை: தனி கேமரா பை காலியாகவே ஒரு கிலோவைத் தாண்டலாம். வழக்கமான பையில் சின்ன ஸ்பாஞ்ச் உறை போதும். கழுத்தில் தொங்கவிட்டால் குனியும்போது கேமரா பாறையில் மோதும். பையின் தோள்பட்டையில் கேமராவை மாட்டும் கிளிப் கிடைக்கிறது. தடியைப் பிடிக்க கை சும்மா இருக்கும், தேவைப்படும்போது கேமராவும் உடனே கைக்கு வரும்.

ஈரம்: குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்ததும் லென்ஸில் நீர் படியும். வெளியிலேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் பிரச்சனை இல்லை.

காசு கொடுக்கும் முன் 3 டெஸ்ட்

1. உங்கள் பழைய படங்களின் விவரத்தைத் திறந்து பாருங்கள். எந்த எம்.எம்.-ல் எடுத்தது என்று ஒவ்வொரு படத்திலும் பதிவாகியிருக்கும். 100 படத்தில் 90 படம் அகலக் காட்சி என்றால், டெலி லென்ஸுக்கு செலவு செய்வதை ஒருமுறை யோசிக்கலாம்.

2. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. வாங்க நினைக்கும் செட்டின் எடைக்கு ஏற்ப பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, பையில் போட்டு நடந்து பாருங்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை முழுசாகச் சுற்றி வந்த பிறகும் தோள் தாங்கினால் அந்த செட்டை வாங்கலாம். பாதியில் பாட்டிலை இறக்கி வைக்கத் தோன்றினால், கேமராவையும் இறக்கி வைக்கத்தான் தோன்றும்.

3. பெரிய நகரங்களில் கேமராவும் லென்ஸும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஒரு ட்ரிப்புக்கு வாடகைக்கு எடுத்து, எத்தனை முறை பையிலிருந்து வெளியே எடுத்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

அந்த எண்ணிக்கைதான் கடைசி பதில். உச்சியில் வெளிச்சம் மாறுவது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் கையில் இருக்கும் 775 கிராம் கேமரா படம் எடுக்கும். பைக்குள் இருக்கும் 3 கிலோ கேமரா, சும்மா கீழே இறங்கி வரும்.