சிவகாசி தந்த ராஜபார்ட்

விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர்களில் பங்குனி, சித்திரை மாதத்து அம்மன் பொங்கலையொட்டி விடிய விடிய நிகழும் 'வள்ளி திருமணம்' ஸ்பெஷல் நாடகத்தில், ராஜபார்ட் ஓரூரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோரூரிலிருந்தும் பபூன் மற்றோரூரிலிருந்தும் வந்து, ஒத்திகை என்பதே இல்லாமல், அன்றிரவே ஒரே மேடையில் கூடுவதைக் காணும் பட்டணத்து ரசிகர்கள் முகம் சுளிப்பதுண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்தளித்த பாடம் எல்லோருக்கும் மனப்பாடம். எஞ்சியதெல்லாம் அந்தந்த இரவின் தர்க்கத்திலும் சமயோசிதத்திலும் பிறப்பது. இந்த நெகிழ்ச்சியைக் குறையென்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஏனெனில், சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்னர், 1886-இல், அவ்வூரில் பிறந்த விசுவநாததாஸ், இந்த நெகிழ்ச்சியைக் கொண்டே ஓர் அரசாங்கத்தைத் திணற அடித்தார். 1876-ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் நாடகங்களைத் தடை செய்ய அதிகாரிகளுக்கு அதிகாரம் அளித்திருந்தது. ஆனால் முருகனும் வள்ளியும் மணம் புரியும் புராணக் கதையை எந்தக் கலெக்டர் தடுப்பார்? தினைப்புனத்தில் பறவை ஓட்டும் கட்டம் வந்ததும் தாஸ் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். எந்த வெள்ளையைச் சொல்கிறார் என்பது மண்தரையில் அமர்ந்திருந்த பாமரனுக்கும், ஓரத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் ஒருங்கே விளங்கிவிடும். பலமுறை சிறை சென்றும் அவர் பாட்டை நிறுத்தினாரில்லை. 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், முருக வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவருடைய ஆவி பிரிந்தது.

அவர் வாழ்ந்த திருமங்கலம் இல்லம் இன்று அரசாங்கத்தின் நினைவில்லம். ஆனால் இந்தச் சரித்திரத்தில் மெச்சத்தகாத ஒரு பக்கமும் உண்டு. மேடையில் முருகனாக நின்றவரை ஜனங்கள் கைகூப்பித் தொழுதார்கள். திரைக்குப் பின்னாலோ, அவர் மருத்துவர் எனப்படும் நாவிதர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காகவே அவருடன் ஜோடியாக நடிக்க மறுத்த ஸ்திரீபார்ட் நடிகைகள் இருந்தார்கள். தெய்வ வேடத்துக்கு இல்லாத ஜாதியை வேடதாரிக்கு மட்டும் கற்பித்த விந்தை இது. அக்காலத்து நாடக உலகம் தன் தேசபக்தியை எவ்வளவு பறைசாற்றினாலும் இந்தக் களங்கத்தை மறைக்க இயலாது.

மறுக்காமல் அவரோடு மேடையேறியவர்களுள் ஒருவர் மதுரை கே. பி. ஜானகி. பாட்டும் வசனமும் பயின்ற அதே குரலோடு அவர் அரசியல் மேடைக்குச் சென்றார், சிறைக்கும் சென்றார், 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியின் பிரதிநிதியாகச் சட்டசபைக்கும் சென்றார்.