கயிறு மட்டும் வீடு திரும்பும்

என் அப்பா மாட்டுத் தரகர். கச்சிராயபாளையத்தில், கோமுகி அணைக்குப் பக்கத்தில் வீடு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் எருதுகளின் வாயைப் பிளந்து பல் பார்ப்பார். ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயது சொல்வார். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை முடிந்ததும், விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார்.

"பன்னெண்டு வருசம் சாமைக்கொல்லை உழுதுச்சுண்ணே" என்று அந்தக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மலைக்காரர் அழுததைச் சிறுவயதில் பார்த்தேன். அந்தக் காசோடு கொஞ்சம் கடனும் சேர்த்து ஓர் இளங்காளை பிடித்துக்கொண்டுதான் மலையேறினார். அடிமாட்டுக்கு விலை இல்லாவிட்டால் அவர் கொல்லையில் அடுத்த உழவு இல்லை. கீழே ஜெர்சிக் கலப்புப் பசு வைத்திருப்பவர்கள் பாடும் இதுதான். கறவை நின்றாலும் வைக்கோலும் தவிடும் நிற்பதில்லை.

தமிழ்நாட்டின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 வயது தாண்டி உழவுக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று வெட்டலாம். பசுவை வெட்டக் கூடாதென்று 1976இல் தனி அரசாணை வந்தது. கேரளத்தில் பசுவுக்கு அப்படித் தனித் தடை இல்லை. வற்றிய பசுக்கள் பொள்ளாச்சிச் சந்தை வழியாக மேற்கே போவது அதனால்தான்.

2017 மே 23 அன்று, சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்கக் கூடாதென்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. மே 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த விதிக்குத் தடை விதித்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது. அந்த நாட்களில் வியாபாரிகள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஓட்டி வந்த மாட்டைத் திரும்ப ஓட்டிப் போனவர்களின் முகம் எனக்கு மறக்காது.

வெளிநாட்டுக்குப் போவது நம் எருது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பசு, எருது, கன்று இறைச்சி ஏற்றுமதிக்கு இந்தியாவில் தடை. ஆண்டுக்கு 10 லட்சம் டன்னுக்கு மேல் வியட்நாம், மலேசியா, எகிப்து என்று கப்பலேறுவது எருமை இறைச்சி. தமிழ்நாட்டிலோ எருமையே அருகிவருகிறது. 2012 கணக்கெடுப்பில் 7.80 லட்சம், 2019இல் 5.19 லட்சம். மாடுகள் மட்டும் 95 லட்சமாகப் பெருகின. அவற்றில் பெரும்பாலானவை கலப்பினக் கறவைகள். அவையும் ஒருநாள் வற்றும்.

ஆகவே விற்பதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. பொறுக்க முடியாதது விற்றபின் வரும் லாரிப் பயணம். படுத்துவிட்ட மாட்டை எழுப்பக் கண்ணில் மிளகாய் தேய்த்ததை நானே பார்த்திருக்கிறேன். 1978ஆம் ஆண்டு விதிப்படி ஒரு லாரியில் 6 மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. மாடு விற்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, கயிற்றை அவிழ்த்ததும் நடையைக் கட்டாதீர்கள். லாரி கிளம்பும்வரை நின்று எண்ணுங்கள். ஏழாவது மாட்டை இறக்கச் சொல்லுங்கள்.