நாக்கின் சொடுக்கு எழுத்தாகும் மொழிகள்

நுரையீரல் காற்றின் துணையில்லாமல் வாய்க்குள்ளேயே பிறக்கும் மெய்யொலிகளைச் சொடுக்கொலிகள் என்கிறார்கள். நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தை அடைத்துக்கொள்கிறது. நாக்கின் முன்பகுதியோ உதடோ முன்னால் இன்னோர் அடைப்பை இடுகிறது. நாக்கு சற்றே கீழிறங்க, நடுவில் சிக்கிய காற்றின் அழுத்தம் குறைகிறது. முன்னடைப்பு திறந்ததும் வெளிக்காற்று உள்ளே பாய்ந்து ‘டக்’கென்று ஒலிக்கிறது.

இந்த ஒலிகள் தமிழருக்கும் பழக்கமானவைதான். உத்திரமேரூர்ப் பக்கத்து வண்டிக்காரர் கன்னத்தோரம் நாக்கைச் சொடுக்கி மாட்டை முடுக்குவது ஒரு வகை. துக்கச் செய்தி கேட்டு ‘ச்சு ச்சு’ என்று உச்சுக் கொட்டுவது இன்னொரு வகை. தமிழில் இவை எந்தச் சொல்லுக்குள்ளும் நுழைவதில்லை. ஆப்பிரிக்காவின் தெற்கிலோ ககரம், தகரம் போல இவையும் மெய்கள்; ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஒலித்தால் சொல்லின் பொருளே மாறிவிடும். உதடு, பல், ஈறு, அண்ணம், நாக்கின் பக்கம் என ஐந்து இடங்களில் இவை பிறக்கின்றன. மூக்கொலி, மூச்சொலி, தொண்டையடைப்பு ஆகியவை கூடச் சேர எண்ணிக்கை பெருகுகிறது. நமீபியாவின் நாமா மொழியில் நான்கு இடங்களுக்கு ஐந்தைந்தாக இருபது. போட்ஸ்வானாவில் சில ஆயிரம் பேரே பேசும் தா மொழியில், சிலர் கணக்குப்படி, எண்பதுக்கும் மேல்.

அமெரிக்க மொழியியலாளர் ஜோசப் கிரீன்பர்க் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இம்மொழிகளைக் ‘கொய்சான்’ என்ற ஒரே குடும்பமாகத் தொகுத்தார். இன்று பெரும்பாலோர் அதை ஏற்பதில்லை. டகரமும் ணகரமும் இரண்டிலும் உண்டு என்பதற்காகத் தமிழையும் சமஸ்கிருதத்தையும் யாரும் ஒரே குடும்பத்தில் சேர்ப்பதில்லையே. வேர்ச்சொற்களையும் இலக்கணத்தையும் ஒப்பிட்டால் கோய்-குவாடி, தூ, க்ஹா என்று மூன்று தனிக் குடும்பங்கள் தெரிகின்றன. தொலைவில், தான்சானியாவில் பேசப்படும் ஹட்சாவும் சண்டாவேயும் இவற்றோடு உறுதியாக ஒட்டவில்லை.

ஒலி மொழிவிட்டு மொழி தாவும் என்பதற்கு ஜூலுவும் கோசாவும் சான்று. இவை பாண்டு குடும்பத்தவை. தெற்கே வந்தபின் அங்கிருந்தவர்களோடு ஏற்பட்ட மண உறவு வழியாகச் சொடுக்கொலிகளைப் பெற்றன. கணவன் பெயரைச் சொல்லாத வழக்கம் நம் கிராமங்களில் இருந்ததல்லவா? ஜூலு, கோசா மருமகள்கள் இன்னும் ஒருபடி மேலே போய், மாமனார் பெயரில் வரும் அசைகளைக்கூட மற்றச் சொற்களில் தவிர்த்தார்கள். இதற்கு ஹ்லோனிபா என்று பெயர். அந்த அசைகளுக்கு மாற்றாகச் சொடுக்கொலிகள் புகுந்து வேரூன்றின என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1860இல் சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போய் இறங்கிய தமிழர்கள் அங்கே கேட்டது இந்த ஜூலுவைத்தான்.

சொடுக்கொலிகளின் மூல மொழிகளுக்கோ கடும் அடி. ஐரோப்பியக் குடியேறிகள் வேட்டை நிலங்களைப் பறித்தார்கள், மக்களைக் கொன்றார்கள். எஞ்சியவர்களில் பலர் ஆப்பிரிக்கான்ஸ் மொழிக்கு மாறினார்கள். தூ குடும்பத்தின் கம் மொழி அப்படித்தான் அழிந்தது. கேப் டவுனில் 1870 முதல் வில்ஹெல்ம் பிளீக்கும் லூசி லாய்டும், சிறைக்கைதிகளாக வந்த கம் மக்களிடம் கதை கேட்டு எழுதிய குறிப்பேடுகளே அதன் முதன்மை ஆவணம். பேசுவோர் எவருமில்லாத அந்த மொழியில்தான் 2000ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்கா தன் அரசுச் சின்னத்தின் வாசகத்தைப் பொறித்தது. அதே குடும்பத்து நுங் மொழியை அப்பிங்டன் ஊரில் கத்ரீனா ஏசாவ் என்ற மூதாட்டி குழந்தைகளுக்குக் கற்பித்துவந்தார். நாமாவின் நிலை எவ்வளவோ மேல்: ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் பேசுகிறார்கள், நமீபியப் பள்ளிகளிலும் வானொலியிலும் அது புழங்குகிறது.