முகமூடியைக் கழற்றிப் பாருங்கள்

இருட்டில் தனியாக நடந்து போகிறீர்கள். பின்னால் சருகு சரசரக்கிறது. திரும்பிப் பார்க்காமல் நடப்பவர் நம்மில் எத்தனை பேர்? தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பயம் தாய்ப்பாலோடு வந்தது. ஆலமரத்தடி, பாழடைந்த புகைக்கொட்டகை, ஆற்றுப் பாலம் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் "அந்தப் பக்கம் போகாதே" என்று சொல்லப்படும் ஓர் இடம் கட்டாயம் இருக்கும். உங்கள் தோட்டத்தில் அது எந்த இடம் என்பது உங்களுக்கே தெரியும்.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாருக்குப் பேயைப் பற்றி எழுத என்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். சென்ற பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரில் தங்கை வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அங்கே ஒரு கேலிச்சித்திர நாய் எனக்குப் பாடம் நடத்தியது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

தங்கை குடியிருப்பது மார்சிலிங்கில். ஜொகூர் பாலத்தைத் தாண்டியதும் வரும் உட்லண்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த இடம் அது. இன்று அங்கே வரிசை வரிசையாக அடுக்குமாடி வீடுகள், 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரயில் நிலையம், நம் மக்கள் கூடும் ஸ்ரீ சிவா கிருஷ்ணா கோயில் எல்லாம் இருக்கின்றன. ஆனால் மார்சிலிங் என்பது முதலில் ஒரு தோட்டத்தின் பெயர் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். ரப்பரிலும் அன்னாசியிலும் பெரும்பொருள் ஈட்டிய லிம் நீ சூன் என்பவர் (1879–1936) சீனாவில் இருந்த தம் முன்னோர் கிராமத்தின் பெயரை இங்கே வைத்தார். ஆகவே தங்கை தோட்டத்தை விட்டுப் போனாலும் போய்ச் சேர்ந்தது இன்னொரு பழைய தோட்டத்துக்குத்தான் என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு.

அவள் மகனுக்கு ஒன்பது வயது. கெட்டிக்காரன், ஆனால் பயந்தாங்கொள்ளி. நான் போன முதல் இரவே என் பாயருகில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

"மாமா, மேலே கேளுங்க. கோலிக்குண்டு உருளுது."

உண்மைதான். கூரைக்கு மேலே டக், டக்கென்று ஏதோ விழுந்து உருளுவது போல ஒரு சத்தம். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், இந்தக் கோலிக்குண்டுச் சத்தத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மேல்வீட்டில் இறந்துபோன ஒரு பிள்ளை விளையாடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் நண்பன் சொல்லியிருக்கிறான். அன்று முதல் இவன் இரவில் தனியாகக் கழிவறைக்குக்கூடப் போவதில்லை.

மறுநாள் காலை இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தாள். உள்ளே பழைய டிவிடி தட்டுகள். "அண்ணே, இது ஞாபகம் இருக்கா?" என்றாள். அட்டையில் ஒரு பழுப்பு நிற நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. ஸ்கூபி-டூ!

எப்படி மறக்கும்? நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது தோட்டத்துப் பொது மண்டபத்தில் ஒரே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி. திருவிழாக் காலத்தில் டவுனிலிருந்து வீடியோ பெட்டியையும் நாடாக்களையும் வாடகைக்கு எடுத்து வருவார்கள். விடிய விடிய மூன்று படம் ஓடும். பெரியவர்களின் படம் தொடங்குமுன் பிள்ளைகளுக்கென்று ஒரு நாடா போடுவார்கள். அதில்தான் இந்த நாயை முதலில் கண்டோம். ஆங்கிலம் பாதி புரியாது. ஆனாலும் பேய் துரத்த, நாய் ஓட, நாங்கள் பாயில் உருண்டு உருண்டு சிரிப்போம்.

இந்தப் படத்தின் பிறப்பே பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சனிக்கிழமைக் காலைப் பிள்ளைகள் படங்களில் அடிதடி மிகுந்துவிட்டது. பெற்றோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. அடிதடி இல்லாத ஒரு படம் வேண்டும் என்று சிபிஎஸ் நிறுவனத்தில் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்த ஃபிரெட் சில்வர்மன் முனைந்தார். ஹன்னா-பார்பெரா படக் கூடத்தில் ஜோ ரூபி, கென் ஸ்பியர்ஸ் என்ற இரண்டு எழுத்தாளர்கள் கதையை உருவாக்கினார்கள். முதலில் வரைந்து காட்டிய படங்கள் பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று மேலிடம் தள்ளிவிட்டது. பிறகு நாயை முன்னுக்குக் கொண்டுவந்து சிரிப்பைக் கூட்டினார்கள். 1969-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் நாள் முதல் கதை ஒளிபரப்பானது. முதல் பருவத்தில் 17, அடுத்த பருவத்தில் 8, ஆக 25 கதைகள். 2004-இல் அந்த 25 கதைகளையும் நான்கு டிவிடி தட்டுகளில் வெளியிட்டார்கள். தங்கை வைத்திருந்தது அதைத்தான்.

நாயை வரைந்தவர் இவாவோ தகமோட்டோ. அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். அந்த முகாமில்தான் உடனிருந்தவர்களிடம் படம் வரையக் கற்றுக்கொண்டார். ஸ்கூபி 'கிரேட் டேன்' என்ற உயர்ந்த சாதி நாய். அந்த இன நாய்களை வளர்த்த ஓர் அம்மாள் அதே கூடத்தில் வேலை செய்தார். நல்ல நாய்க்கு முதுகு நேராக இருக்கும், கால் நேராக இருக்கும் என்றெல்லாம் அவர் விளக்க, தகமோட்டோ எல்லாவற்றையும் தலைகீழாக்கினார். சரிந்த முதுகு, வளைந்த கால், தொங்கும் தாடை! நம் மனத்தில் நின்றது அந்தக் கோணல் நாய்தான்.

கதை எப்போதும் ஒன்றுதான். பிரெட், டாஃப்னி, வெல்மா, ஷேகி என்ற நான்கு இளைஞர்களும் நாயும் ஒரு வேனில் ஊர் சுற்றுகிறார்கள். போன இடத்தில் ஒரு பேய் மக்களை விரட்டிக்கொண்டிருக்கிறது. மூக்குக் கண்ணாடி போட்ட வெல்மா தடயங்களைச் சேர்க்கிறாள். ஷேகிக்கும் ஸ்கூபிக்கும் எப்போதும் பசி, எப்போதும் பயம். ஆனாலும் கால் தடுக்கி விழுந்தாவது அவர்கள்தான் பேயைப் பிடிப்பார்கள். தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வைப் படித்தவர்களுக்கு இந்தச் சுகம் தெரியும். கடைசியில் பேயின் முகமூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு மனிதன்!

அந்த மனிதன் ஏன் பேய் வேடம் போட்டான் என்று பாருங்கள். முதல் கதையில் இரும்புக் கவசம் அணிந்த கறுப்பு வீரன் அருங்காட்சியகத்தில் நடமாடுகிறான். கழற்றினால் அவர் அருங்காட்சியகக் காப்பாளர். ஓவியங்களைத் திருடி, போலிகளை மாட்டி வைத்தவர். இன்னொன்றில் பாசி ஒளிரும் முக்குளிப்பு உடையில் கடலிலிருந்து எழுந்து வரும் மாலுமியின் ஆவி. அவன் படகுத் திருடன். மற்றொன்றில் பழைய தங்கச் சுரங்கத்தில் ஒரு கிழட்டுப் பேய். அந்த நிலத்தின் அடியில் எண்ணெய் இருப்பதைக் கண்டுகொண்ட ஒருவன், உரிமையாளர் பயந்து குறைந்த விலைக்கு விற்றுவிட வேண்டும் என்று ஆடிய நாடகம் அது. பயத்தால் யாருக்கு லாபம் என்று கேட்டால் பாதிக் கதை விளங்கிவிடுகிறது.

மருமகனை அருகில் உட்கார வைத்து நாங்கள் மூவரும் பார்த்தோம். தட்டில் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம். முகமூடியைக் கழற்றும் நேரத்தில் நிறுத்திவிட்டு, "யார் என்று நினைக்கிறாய்? எதை வைத்துச் சொல்கிறாய்?" என்று கேட்டேன். முதல் கதையில் தவறாகச் சொன்னான். மூன்றாவது கதையில், "இந்தாளுதான் மாமா, இவருக்குத்தான் எடம் தெரியும்" என்றான். எனக்கு வகுப்பறையில் நிற்பது போலவே இருந்தது.

தங்கை எப்போதும் போல எங்களுக்கு வலப்புறம் தள்ளி, இடக்காதைப் பெட்டியின் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வலக்காது கேட்காது. அதையும் உங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. ஒரு மாலை காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. இரவில் வலிப்பு வந்தது. கழுத்து விறைத்தது. கண்ட பெரியவர்கள், பிள்ளை புகைக்கொட்டகைப் பக்கம் விளையாடப் போயிருக்கிறாள், காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்றார்கள். திருநீறு போட்டார்கள், தாயத்துக் கட்டினார்கள், கோழி காவு கொடுத்தார்கள். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் பெரட்டுக்குப் போன அப்பா பாதியில் திரும்பி வந்து, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு லாரி ஏறி டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் பிழைத்தாள். ஒரு காது போய்விட்டது.

இரண்டு நாள் முந்திப் போயிருந்தால் அந்தக் காது பிழைத்திருக்குமா? யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கேள்வியை அப்பா சாகும்வரை சுமந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு யாரும் வேறு வழி சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று எங்கள் லயத்தில் நடந்ததும் முகமூடி விவகாரம்தான். பேய் முகமூடியைப் போட்டுக்கொண்டு வந்தது நோய். கழற்றிப் பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

சாமியைக் கும்பிட வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். எல்லையில் நிற்கும் முனியாண்டிக்கு நானும் கற்பூரம் ஏற்றுகிறவன்தான். சாமி வேறு, பயம் வேறு. திருநீறு பூசுங்கள், பூசிய கையோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். காய்ச்சலோடு வலிப்பும் கழுத்து விறைப்பும் கண்டால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பெற்றோர்களுக்கு இன்னொரு செய்தி. ஸ்கூபி-டூ என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல. 1985-இல் வந்த '13 பேய்கள்' தொடரில் பேய்கள் உண்மையான பேய்களே. 1998-இல் வீடியோவுக்கென்றே எடுத்த 'ஸோம்பித் தீவு' படத்திலும் அப்படித்தான். சிறு பிள்ளைகள் அதைப் பார்த்துத் தூக்கம் கெடுவார்கள். ஆகவே 1969, 1970 ஆண்டுகளின் பழைய கதைகளைத் தேடிப் போடுங்கள். கைபேசியில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடாதீர்கள். கூட உட்காருங்கள். நிறுத்திக் கேளுங்கள்.

கோலிக்குண்டு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அன்று மாலையே மருமகன் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தேன். சத்தம் எத்தனை மணிக்கு வருகிறது, எந்த மூலையில் வருகிறது என்று எழுதச் சொன்னேன். மூன்று இரவு எழுதினான். பெரும்பாலும் சத்தம் வந்தது குளியலறைக் குழாய்கள் போகும் பக்கத்தில்; அதுவும் மேலே தண்ணீர் ஓடி நிற்கும் நேரத்தில். வேகமாக ஓடும் தண்ணீர் சட்டென்று நிற்கும்போது குழாய் அதிரும். அந்த அதிர்ச்சி சுவர் வழியே இறங்கி வந்தால் நம் காதுக்குக் குண்டு உருளுவது போலக் கேட்கும். இதைக் கையால் சுவரைத் தட்டிக் காட்டி விளக்கினேன்.

"அப்ப எல்லாச் சத்தமும் குழாய்தானா மாமா?" என்றான்.

"எல்லாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொன்றையும் நீதான் எழுதிப் பார்க்க வேண்டும்" என்றேன்.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவு, கழிவறை விளக்கு எரிந்தது. யாரையும் எழுப்பாமல் தனியாகப் போய் வந்திருக்கிறான். போகும்போது நோட்டையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். காலையில் தங்கையிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். "எனக்குச் சத்தமே கேக்கலண்ணே. நல்ல காதைத் தலையணையில வச்சுப் படுத்துட்டேன்" என்றாள்.

இப்போது பள்ளி திறந்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தில், "நம் தோட்டத்தில் எந்த இடத்துக்குப் போகப் பயம்? ஏன்?" என்று எழுத வேண்டும். உங்கள் பிள்ளை வந்து உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் அதட்டி அனுப்பிவிடாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு, பகல் வெளிச்சத்தில், அந்த இடம்வரை ஒருமுறை நடந்து போய் வாருங்கள்.