வெயில் எட்டும் ஆழம்

டீ வருவதற்குள் ஒரு கேள்வி. கரையோரக் கடலில் பாசி எதனால் பெருகுகிறது? ஆற்றில் உரச்சத்து வந்தால் பெருகும், தண்ணீர் சூடேறினால் சீக்கிரம் பெருகும் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் பச்சையம் உள்ள எதற்கும் முதல் தேவை வெயில். கடலுக்குள் இறங்கிய வெயில் என்ன ஆகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

நான் சொல்வது பாறையில் வழுக்கும் பாசியை அல்ல. ஒற்றைச் செல்லாக, வேரில்லாமல், நீரோட்டம் கொண்டுபோகும் பக்கமெல்லாம் போகும் மிதவைப்பாசி. பைட்டோபிளாங்டன் என்று படித்திருப்பீர்கள். கடலின் சாப்பாட்டுக் கணக்கு இதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒவ்வொரு மீட்டர் தண்ணீரும் தன்னிடம் வந்த வெளிச்சத்தில் ஒரே விகிதத்தைப் பிடித்துக்கொள்ளும். மீட்டருக்குப் பாதி போகிறது என்று வையுங்கள். 7 மீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஏறத்தாழ அந்த ஒரு பங்கு எட்டும் ஆழத்தில்தான் மிதவைப்பாசியின் வரவும் செலவும் சரிக்குச் சரியாகும். அதற்குக் கீழே கையிருப்பைக் கரைத்துத்தான் உயிர் வாழ வேண்டும்.

இதோ, டீ வந்துவிட்டது. பால் ஊற்றாத டீயைக் கண்ணாடி கிளாசில் பாருங்கள். மறுபக்கம் தெரியும், நிறம்தான் இருண்டிருக்கும். பாலை ஊற்றினால் மறுபக்கமே மறைந்துவிடும். கடல் மங்குவதும் இந்த இரண்டு வழியில்தான். காட்டிலும் சதுப்பிலும் மட்கிய இலைதழையின் சாறு ஆற்றோடு வந்து கரைந்து, நீல வெளிச்சத்தை உறிஞ்சிவிடுகிறது. வண்டல் செய்வது பாலின் வேலை, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. போதாததற்குப் பாசியே அடர்ந்து பெருகினால், தனக்குக் கீழே இருக்கும் பாசிக்கு நிழல் போடும்.

இந்த மங்கலை அளக்கும் கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார், வானியல் அறிஞர், 1865-இல் போப்பாண்டவரின் கப்பலில் போய் மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினார். தட்டு கண்ணை விட்டு மறையும் ஆழமே அளவு. அவ்வளவுதான். எளிய கருவி என்பதால் யார் வேண்டுமானாலும் இறக்கினார்கள், எழுதி வைத்தார்கள். நூறு வருஷக் கணக்கு நமக்குக் கிடைத்தது அப்படித்தான்.

பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலுள்ள வடகடலில் அந்தப் பழைய குறிப்புகளைக் கூட்டிப் பார்த்தபோது, 20-ஆம் நூற்றாண்டில் அதன் தென்பகுதியும் நடுப்பகுதியும் மங்கியிருப்பது தெரிந்தது. இழுவலை அடிமண்ணைக் கிளறுவது, நீரை வடிகட்டிவந்த சிப்பிப் படுகைகள் அழிந்தது, ஆறுகள் கொண்டுவரும் சாறு எனப் பல காரணங்கள் சொல்கிறார்கள்.

குளிர்காலக் காற்று அந்தக் கடலைக் கலக்கிவிடும். மிதவைப்பாசி சற்று நேரம் மேலே, சற்று நேரம் இருட்டில் என்று சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு மேல்பரப்பு வெயில் பெரிதல்ல, சுற்றி வருகையில் கிடைக்கும் சராசரிதான் பெரிது. 1953-இல் கடலியல் அறிஞர் ஹரால்ட் ஸ்வெர்ட்ரூப் இதைக் கணக்காகவே எழுதினார். வசந்தத்தில் சூரியன் உயர உயரச் சராசரியும் கூடி, ஒரு வரம்பைத் தாண்டியதும் டயாட்டம்கள் என்ற மிதவைப்பாசிகள் மளமளவென்று பெருகும். தண்ணீர் மங்கியிருந்தால் வரம்பைத் தொட நாளாகும். நார்வேயின் பெர்கன் ஆய்வாளர்கள் 2019-இல் போட்ட கணக்குப்படி, நூறாண்டு மங்கலால் இந்தப் பெருக்கம் 3 வாரம் வரை தள்ளிப்போயிருக்கலாம். மீன்குஞ்சு பொரிக்கும் நாளைச் சூடு முன்னே இழுக்கிறது. இரையின் நாள் பின்னே போனால் குஞ்சுக்குப் பட்டினிதான்.

இதோடு நிறுத்தினால் கதை அழகாக முடியும். ஆனால் அதே வடகடலில் ஹெல்கோலாந்து தீவு இருக்கிறதே! ஜெர்மானியர்கள் அங்கே 1962 முதல் வேலைநாள் தவறாமல் தண்ணீர் எடுத்துப் பாசியை எண்ணுகிறார்கள். அந்தப் பொறுமைக்கே ஒரு கும்பிடு போடலாம். அங்கே வெப்பம் ஒரு டிகிரிக்கு மேல் ஏறியும் வசந்தப் பெருக்கம் முன்னே நகரவில்லை. மங்கல்தான் காரணம் என்று சொல்லவும் வழியில்லை. செக்கித் தட்டு அங்கே வரவர ஆழத்தில் மறைந்தது, அதாவது தண்ணீர் தெளிந்துவந்தது. இளஞ்சூடான குளிர்காலத்தில் பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் தாக்குப்பிடித்து, முளைவிடும்போதே மேய்ந்துவிடுகின்றன என்பது சொல்லப்படும் ஒரு விளக்கம். நூறாண்டுப் போக்கு ஒரு பக்கம் போகும், ஒரு தீவின் சில பத்தாண்டுகள் வேறு பக்கம் போகும். கரையோரக் கடலுக்கு ஒரே சட்டம் எழுத நினைப்பவரை நான் நம்பமாட்டேன்.

செயற்கைக்கோளிடம் கேட்டால் என்ன என்று தோன்றும். கடலின் நிறத்தை இடைவிடாமல் அது பார்க்கத் தொடங்கியது 1997-இல்தான். பச்சையமும் நீலத்தை உறிஞ்சும், இலைச்சாறும் நீலத்தை உறிஞ்சும். கரையோரத்தில் எது எது என்று மேலிருந்து பிரித்துச் சொல்வது சிரமம். அதனால் இன்றும் படகில் போய்த் தண்ணீரை மொண்டு பார்க்கிறார்கள், அந்தத் தட்டையும் இறக்குகிறார்கள்.