பெட்டிக்கு முன் சுவரைப் பாருங்கள்

பரமத்தி வேலூர்ப் பக்கம் இப்போது எழும்பும் வீடுகளுக்குப் பெரும்பாலும் ஒரே அமைப்பு: தார்சுக் கூரை, சிமெண்டுப் பூச்சு, தரை முழுக்க டைல்ஸ், நடுவில் ஒரு ஹால். அந்த ஹாலுக்கு ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர் எத்தனை வாட்ஸ், எத்தனை ஸ்பீக்கர் என்றுதான் முதலில் கேட்கிறார். 100 வாட்ஸ் 200 ஆனாலும் கூடுவது 3 டெசிபல். காதுக்கு அது சின்ன வித்தியாசம். நம்மைச் சுற்றி ஒலி எழுகிறதா என்பதை வேறு இரண்டு காரியங்கள் முடிவு செய்கின்றன. எந்தப் பெட்டியின் ஒலி எப்போது காதை எட்டுகிறது என்பது ஒன்று. எட்டிய பிறகும் சுவர்கள் அதை எவ்வளவு நேரம் அடங்கவிடாமல் வைத்திருக்கின்றன என்பது மற்றொன்று. பெட்டிக்குச் செலவழிப்பதில் கால்வாசியை அறைக்குச் செலவழித்தால் பலன் கூடும் என்பது என் வாதம்.

வலப்பக்கம் எழும் ஒலி இடக்காதை எட்ட, ஒரு வினாடியில் ஏறக்குறைய 1,500-ல் ஒரு பங்கு கூடுதலாகப் பிடிக்கும். தலை மறைப்பதால் கொஞ்சம் மெலிந்தும் போகும். இந்த இரண்டு வேறுபாடுகளை வைத்தே மூளை திசையைக் கணிக்கிறது என்று இயற்பியலாளர் ராலே பிரபு 1907-ல் விளக்கினார். 1931-ல் இங்கிலாந்தின் ஆலன் பிளம்லைன் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். இரண்டு பெட்டிகள் ஒரே குரலைப் பாடினால், ஆளே இல்லாத நடுவிடத்தில் பாடகர் நிற்பதாகத் தோன்றும். ஆனால் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தப் பாடகர் பக்கத்துப் பெட்டிக்குள் போய்விடுவார். வசனத்துக்கென்று டி.வி.க்குக் கீழே நடு ஸ்பீக்கர் வந்தது இதனால்தான். முன்னால் மூன்று, காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று, அடித்தொனிக்கு ஒரு சப்-ஊஃபர்: இதுவே 5.1. தமிழ்த் திரையில் 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். ஒலியோடு வந்தது, 2012 டிசம்பரில் 'சிவாஜி' 3டி வடிவம் டால்பி அட்மாஸில் வந்தது. அட்மாஸில் தனித்தனி ஒலிகளோடு அவை இருக்க வேண்டிய இடமும் சேர்ந்து பதிவாகிறது. உள்ள பெட்டிகளுக்கு ஏற்பப் பிரித்துக் கொடுப்பது ரிசீவரின் வேலை.

ஒரே ஒலி இரண்டு பெட்டிகளிலிருந்து சிறு இடைவெளியில் வந்தால், முதலில் எட்டியது எதுவோ அந்தத் திசையிலிருந்தே எல்லாம் வருவதாக மூளை எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் 1949-ல் இதைச் சோதித்துக் காட்டினார். ஓர் அடி கடக்க ஒலிக்கு ஒரு மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். ஆகவே ஒரு பெட்டியை நிலைப்படிக்கு மேலும் இன்னொன்றை எட்டத்தில் பூஜை அலமாரிக்குப் பக்கத்திலும் மாட்டினால், அருகில் இருப்பதே ஜெயிக்கும். ரிசீவரில் தூரத்தைக் குறித்தால் அருகிலுள்ள பெட்டியை அது கொஞ்சம் தாமதப்படுத்தும். அப்படி வசதியில்லாத அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபையர் வைத்திருப்பவருக்கு டேப்பே துணை: ஐந்தும் சோபாவிலிருந்து ஒரே தூரத்தில் இருந்தால் போதும்.

அடுத்தது சுவர். அமெரிக்காவில் வாலஸ் சாபின் 1890-களில் ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் மெத்தைகளைத் தூக்கிப் போட்டுப் போட்டு, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட விதியை 16 அடிக்கு 12 அடி, 10 அடி உயர ஹாலுக்குப் போட்டுப் பார்க்கலாம். பூச்சும் டைல்ஸும் தம்மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை உறிஞ்சுவதாகக் கொண்டால், காலி அறையில் ஒலி அடங்க 3 வினாடிக்கு மேல் ஆகும். வீட்டில் படம் பார்க்க அரை வினாடியே மிகுதி. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த நாலு சொல் வந்துவிடுவதால் வசனம் புரிவதில்லை. புரியவில்லையே என்று சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடுகிறது. திறந்த ஜன்னலை முழுதாய் உறிஞ்சும் பரப்பு என்று சாபின் கணக்கிட்டார். நாலடிக்கு நாலடி ஜன்னல் இரண்டைத் திறந்தால், அந்த வெற்று அறையின் சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவதைவிட அதிக ஒலி வெளியே போய்விடும்! லாரி ஹாரனும் உள்ளே வரும் என்பதால் அது தீர்வல்ல. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரூரில் கிடைக்கும் கனத்த திரைத்துணியை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுவதும், தடித்த கம்பளமும், பஞ்சு வைத்த சோபாவும் அந்த வேலையைச் செய்யும். மெல்லிய கோரைப்பாய் அதிகம் உதவாது.

மைக் வைத்து அறையை அளந்து ரிசீவரே சரிசெய்துகொள்கிறதே என்பார்கள். தாமதத்தையும் அளவையும் அது நன்றாகவே திருத்தும். சுவர் திருப்பி அனுப்பிய ஒலியை அதனால் திரும்பப் பெற முடியாது. ஒரே சவுண்ட்பார் போதும் என்பதில் பாதி நியாயம் உண்டு. மேல்நோக்கி ஒலி அனுப்பும் பாருக்கு, தட்டையான வெறும் தார்சு நல்ல கண்ணாடி. கூரையை மட்டும் மூடிவிடாதீர்கள். சரிந்த ஓட்டு வீட்டில் அந்த வித்தை பலிக்காது. ஒருபக்கம் சுவரும் மறுபக்கம் திறந்த மாடிப்படியுமாக இருக்கும் ஹாலில் பக்கவாட்டு ஒலியும் ஒருபக்கமாகவே சாயும்.

திரைத்துணி அடக்காதது பேஸ். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை ஏறக்குறைய 23 அடி நீளம். அது ஹாலில் ஓரிடத்தில் முட்டி மோதும், இன்னோரிடத்தில் காணாமல் போகும். சப்-ஊஃபரை மூலையில் தள்ளினால் சத்தம் கூடும், தெளிவு குறையும். அதைச் சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் தூக்கி வைத்து, பேஸ் உள்ள பாட்டு ஒன்றை ஓடவிட்டு, குனிந்தபடி அறையைச் சுற்றி வாருங்கள். வீட்டார் சிரிக்கட்டும். அடி சீராகக் கேட்கும் இடமே அதற்குரிய இடம். அது டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அமைவது அபூர்வம். வயரைப் பத்தடி கூடுதலாகவே வாங்குங்கள்.