தோற்ற ஆட்டமே வாத்தியார்!

சதுரங்கத்தில், கைவிட்டுப் போன உலகப் பட்டத்தை ஒருவர் இரண்டு முறை மீட்டார்!

அவர் மிகைல் போட்வின்னிக். சோவியத் ரஷியாவைச் சேர்ந்தவர். மின்சார என்ஜினீயர்.

1948-ம் ஆண்டு உலகப் பட்டம் பெற்றார். 1957-ல் சிமிஸ்லோவிடம் தோற்றார். மறு ஆண்டே அவரை வென்றார்.

1960-ல் மீண்டும் தோல்வி! வென்ற டாலுக்கு வயது 23. போட்வின்னிக்குக்கு 48.

இளங்காளையை இனி வெல்ல முடியுமா?

வென்றார்! 1961-ல், 13-க்கு 8 என்ற புள்ளிக் கணக்கில்.

ரகசியம் என்ன?

தன் ஆட்டத்தைத் தானே ஆராய்வது அவர் வழக்கம். அந்த ஆராய்ச்சியை அச்சிட்டும் வெளியிட்டார். தப்பு இருந்தால் பிறர் எடுத்துச் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம்.

நீங்களும் செய்யலாம்

போட்டியில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு காய் நகர்த்தலையும் தாளில் எழுதுகிறார்கள். தோற்றுவிட்டால் அந்தத் தாளைக் கசக்கி எறியாதீர்கள்!

வீட்டுக்கு வந்ததும் காய்களை மறுபடி அடுக்குங்கள். ஆட்டம் எங்கே சாய்ந்தது? அப்போது மனதில் ஓடியது என்ன? எதிரியின் குதிரையைக் கவனித்தீர்களா? நேரம் போதவில்லையா? விடையை எழுதி வையுங்கள்.

கம்ப்யூட்டர் நொடியில் தப்பைக் காட்டிவிடும். ஆனால் உங்கள் மனதில் ஓடியது அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் சொந்த மூளை. பிறகு கம்ப்யூட்டர்.

ஜெயித்த ஆட்டத்தையும் விடாதீர்கள். எதிரியின் தப்பால் வந்த வெற்றியாகவும் இருக்கலாம்!

போட்வின்னிக் தம் மாணவர்களுக்கும் இதையே கற்பித்தார். அவரிடம் படித்த கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் பின்னாளில் உலக சாம்பியன் ஆனார்கள்!